70 கொண்டை ஊசி வளைவுகள்... கொல்லிமலை ஏறும் முன் உங்கள் கார் சொல்வதைக் கேளுங்கள்!

நாமக்கல் மாவட்டம் கொல்லிமலைக்குப் போக, காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏற வேண்டும். பைக் பிரியர்களுக்கு அது கொண்டாட்டம். பின் சீட்டில் முதுகுவலியோடு உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கு?

எங்கள் அப்பாயிக்கு 74 வயது. அறப்பளீஸ்வரரைப் பார்க்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. ஆனால், அப்பாவின் ஒன்பது வருட பழைய காரில் சேலத்துக்குள் ஒருமுறை போய் வந்ததுமே, "இதுக்கு மாட்டு வண்டியே தேவலாம்டா, நான் வரலை" என்று சொல்லிவிட்டார். சின்னப் பள்ளம்கூட அவர் முதுகில் இடித்தது.

ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினோம். ஓட்டிப் பார்க்காமலே, "நாலு ஷாக் அப்சார்பரையும் மாத்தணும்" என்றார்கள். அவர்கள் சொன்ன தொகையைக் கேட்டு, அப்பா பயணத்தையே தள்ளிப்போடலாம் என்றார். அப்போதுதான் உறவினர் ஒருவர் நாமக்கல்லில் ஒரு மெக்கானிக்கிடம் காட்டச் சொன்னார். லாரி பாடி கட்டும் தொழிலுக்குப் பேர்போன ஊராயிற்றே!

அந்த அண்ணன் பானெட்டைத் திறக்கவில்லை. "எப்போ குலுங்குது, எந்தப் பக்கம் குலுங்குது, குலுங்கின பிறகு என்ன ஆகுது... இதை மட்டும் சொல்லுங்க தம்பி" என்று காரில் ஏறிக்கொண்டார். சேந்தமங்கலம் வரை போய்த் திரும்பினோம்.

சாலையே சொல்லிவிடும்

நல்ல நெடுஞ்சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியதும் ஸ்டீயரிங் நடுங்கினால், முதலில் வீல் பேலன்ஸிங்கைப் பார்க்க வேண்டும். பிரேக் பிடிக்கும்போது மட்டும் நடுங்கினால் பிரேக் டிஸ்க். நேர்ச்சாலையில் கார் ஒரு பக்கமாக இழுத்தால் அலைன்மென்ட் அல்லது டயர் காற்று.

வேகத்தடையிலும் பள்ளத்திலும் 'டொக் டொக்' என்று சத்தம் வந்தால், லிங்க் ராடு, புஷ் போன்ற சின்னச் சின்ன பாகங்கள் தேய்ந்திருக்கலாம். பள்ளத்தைத் தாண்டிய பிறகும் கார் படகு மாதிரி ஆடிக்கொண்டே இருந்தால்தான் ஷாக் அப்சார்பர் மேல் சந்தேகம் வர வேண்டும். நின்றிருக்கும் காரின் ஒரு மூலையைக் கையால் நன்றாக அழுத்திவிட்டுப் பாருங்கள். எழும்பி உடனே அடங்கினால் பெரும்பாலும் பிரச்னை இல்லை. இரண்டு மூன்று முறை துள்ளினால் அது ஓய்ந்துவிட்டது. ஷாக் குழாயில் எண்ணெய்க் கசிவு தெரிந்தாலும் அப்படித்தான்.

காற்றில் ஆரம்பியுங்கள்

டயர் ஆறிய பிறகு காற்றை அளந்தார். 42 காட்டியது. டிரைவர் கதவோரம் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் இருந்ததோ 33. "மைலேஜ் கிடைக்கும்னு கூட வைக்கச் சொன்னேன்" என்றார் அப்பா. காற்று அதிகமானால் டயர் கல் போல இறுகி, ஒவ்வொரு குழியையும் அப்படியே உள்ளே கடத்தும். சாலையில் பிடிப்பும் குறையும். ஆள், லக்கேஜ் நிறைய ஏற்றினால் எவ்வளவு காற்று என்பதும் பல கார்களில் அதே ஸ்டிக்கரில் இருக்கும்.

டயரின் வயதையும் பாருங்கள். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது. பழைய ரப்பர் இறுகிவிடும். பட்டன் தேயாமல் இருந்தாலும் சொகுசு போய்விடும்.

காற்றைச் சரிசெய்ததுமே பாதிக் குலுக்கல் போய்விட்டது. மீதிக்குக் காரணம், முன்பக்க இடது ஷாக்கில் எண்ணெய்க் கசிவும், தேய்ந்துபோன லிங்க் ராடுகளும். முன்பக்க ஷாக்குகளை ஜோடியாக மாற்றி, லிங்க் ராடு போட்டு, அலைன்மென்ட் பார்த்தார். பின்பக்க ஷாக்குகள் நன்றாகவே இருந்தன. முதலில் சொன்ன தொகையில் பாதிகூட ஆகவில்லை.

"சொகுசுக்காக மட்டும் சொல்லலை தம்பி. ஷாக் போச்சுன்னா டயர் ரோட்டுல ஒழுங்கா உட்காராது. மலையில அப்புறம் பிரேக் எப்படிப் பிடிக்கும்?" என்றார். அது பின்பு ஒவ்வொரு வளைவிலும் நினைவுக்கு வந்தது.

மேலே...

வளைவுகளுக்கு எண் போட்டிருக்கிறார்கள். அப்பாயி ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே வந்தார். சோளக்காட்டில் பலாவும் அன்னாசியும் வாங்கினோம். செம்மேட்டில் வல்வில் ஓரி சிலையைப் பார்த்தோம். அறப்பளீஸ்வரர் கோயிலில் அப்பாயி நிம்மதியாக உட்கார்ந்திருக்க, நாங்கள் ஆகாய கங்கை அருவிக்கு இறங்கினோம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். முழங்கால் வலி உள்ளவர்கள் கோயிலோடு நின்றுகொள்வது நல்லது.

இறங்கும்போது பிரேக்கையே நம்பாதீர்கள். இரண்டாவது கியரில் மெதுவாக வாருங்கள். ஏறும் வண்டிக்கு வழிவிடுங்கள். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே, வீட்டுப் பெரியவரைப் பின் சீட்டில் உட்காரவைத்து ஊருக்குள் ஒரு சுற்று வாருங்கள். டிரைவர் சீட்டில் தெரியாத குறை, அங்கே தெரிந்துவிடும்.