முட்டி எங்கே படும்

எங்கள் ஊரில் இருக்கிற ஒரே மலைக்கு 24 படி. சின்ன காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் மூலவர் நிற்கிற இடத்துக்கு அத்திகிரி என்று பேர். கிரி என்றால் மலை. காயத்ரி மந்திரத்தின் 24 எழுத்துக்குத்தான் 24 படி என்பார்கள். அதைவிட உயரமாக எதையாவது பார்க்கணும் என்றால் கோபுரத்தைத்தான் அண்ணாந்து பார்க்க வேண்டும். இப்படி ஒரு ஊரில் உட்கார்ந்துகொண்டு நான் மவுண்டன் பைக் வாங்கினேன்.

புதுசு இல்லை. ஒரகடத்தில் நான் வேலை செய்கிற வண்டி உதிரிபாகக் கம்பெனியில் கூட இருந்த ஒருத்தர் புனேவுக்கு மாற்றலாகிப் போகும்போது விற்றுவிட்டுப் போனது. முன்னாடி மட்டும் சஸ்பென்ஷன், தடி டயர், கொஞ்சம் துரு. மலை இல்லாத ஊரில் அதை எங்கே ஓட்டுவது? ஏரிக்கரையில். காஞ்சிபுரம் பக்கம் மலைக்குப் பஞ்சம், ஏரிக்குப் பஞ்சமே இல்லை. செவிலிமேட்டில் பாலாற்று மணலில் ஓட்டிப் பார்த்தேன், சக்கரம் புதைந்தது. அப்புறம் வாலாஜாபாத் பக்கம் தென்னேரி. ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்னாடி கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் கரைமேல் இருக்கலாம். ஒரு பக்கம் தண்ணி, ஒரு பக்கம் வயல், நடுவில் சரளையும் சீமைக்கருவேல முள்ளும். மதகுக்கு மதகு கரையிலிருந்து கீழே இறங்க ஆடு மாடு போட்ட ஒத்தையடிப் பாதை இருக்கும். அதில் பிரேக்கைப் பிடித்தும் விட்டும் இறங்குவதுதான் என் மவுண்டன் பைக்கிங்.

அப்படி ஒரு இறக்கத்தில்தான் விழுந்தேன். முன்சக்கரம் சரளையில் வழுக்கியது, வலது முட்டி தரையில் தேய்த்துக்கொண்டே போனது. ஏழு தையல். தையல் போடுவதற்கு முன்னாடி உள்ளே போன பொடிக்கல்லை ஒவ்வொன்றாக எடுத்தார்கள். அதைப் பற்றி எழுத வேண்டாம்.

எழுத வேண்டியது வேறு. நான் விழுந்தபோது என்னிடம் நீ பேட் இருந்தது. முதுகுப் பையில். ஜோடியாக, மடித்து, பத்திரமாக.

அதை ஆன்லைனில் 650 ரூபாய்க்கு வாங்கியிருந்தேன். கறுப்பு பிளாஸ்டிக் ஓடு, உள்ளே ஸ்பாஞ்ச், பின்னால் இரண்டு எலாஸ்டிக் பட்டை. மோட்டார் பைக்காரர்கள் பேண்ட் மேல் மாட்டிக்கொள்கிற சாதி. போட்டுக்கொண்டு நின்றால் போர்வீரன் மாதிரி இருக்கும். பெடல் மிதிக்க ஆரம்பித்தால் இருபதாவது மிதியில் ஓடு கணுக்காலைப் பார்க்க இறங்கிவிடும். இறங்காமல் இருக்கப் பட்டையை இறுக்கினால் முட்டிக்குப் பின்னால் மடிப்பில் வேர்த்து, அறுத்து, சிவந்துபோகும். அன்றைக்கும் வாலாஜாபாத் தாண்டுவதற்குள் கழற்றிப் பையில் போட்டுவிட்டேன். இறங்கும்போது போட்டுக்கொள்ளலாம் என்று நினைப்பு. இறக்கம் வந்தபோது யாருக்கு ஞாபகம் இருக்கிறது?

அப்பா ஆஸ்பத்திரிக்கு வந்தார். தையலைப் பார்த்தார். பையைத் திறந்து தண்ணி பாட்டிலை எடுக்கும்போது அந்த ஓட்டையும் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. ஆட்டோவில் வரும்போதுதான், “முட்டிக்குப் போடறதைப் பையில போட்டு வெச்சிருக்கியே பாப்பா” என்றார். திட்டியிருந்தால் பரவாயில்லை.

அப்பாவுக்கு முட்டியைப் பற்றித் தெரியும். நாற்பது வருஷமாகத் தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு மிதி மிதிக்கிற ஆள். குழித்தறியைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். நெசவாளி தரை மட்டத்தில் பலகையில் உட்கார்ந்திருப்பார், இடுப்புக்குக் கீழே இருப்பதெல்லாம் குழிக்குள். கால் மிதியை அழுத்த பாவு மேலும் கீழுமாகப் பிரியும், அந்தச் சந்தில் நாடா ஓடும். கோர்வைப் புடவை என்றால் உடலுக்கு ஒரு நிறம், இரண்டு பக்கம் கரைக்கு வேறு நிறம், மூன்று நாடா. அதற்கு இன்னொரு கை வேண்டும். ஆறாவது படிக்கும்போது காலையில் ஸ்கூலுக்குப் போவதற்கு முன்னாடி எங்கள் வீட்டில் அந்த இன்னொரு கை நான்தான். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைக் கோத்துக் கொடுப்பேன். அவர் முகத்தைவிட முட்டியைத்தான் அதிகம் பார்த்திருப்பேன். அது ஏறும், இறங்கும், ஏறும்.

உட்கார்ந்து மிதிப்பதில் அவருக்குப் பெரிய கஷ்டம் இல்லை. வெளியே வருவதுதான். இரண்டு கையையும் தரையில் ஊன்றி, வலது முட்டியைத் தூக்கிக் குழி விளிம்பில் வைத்து, அதன்மேல் முழு எடையையும் போட்டு எழுந்திருக்க வேண்டும். சாப்பிட, டீ குடிக்க, அறுந்த இழையை எட்டி முடிய, ஒரு நாளைக்கு எத்தனை தடவை! அந்த விளிம்பு கருங்கல். அங்கே ஒரு கோணியை நாலாக மடித்துப் போட்டிருப்பார். நான் பிறந்ததிலிருந்து ஒரு கோணி அங்கே இருக்கிறது. கிழிந்தால் வேறு கோணி, இடம் மட்டும் அதே இடம்.

தையல் பிரித்த பிறகு மெடிக்கல் ஷாப்பில் போய் நீ பேட் கேட்டேன். நீ கேப் எடுத்துக் கொடுத்தார்கள். தோல் நிறத்தில், இழுத்தால் நீள்கிற துணிக்குழாய். அப்பாவிடம் அது இரண்டு ஜோடி இருக்கிறது. டாக்டர் “தேய்மானம்” என்று சொல்லி எழுதிக் கொடுத்தது. அது முட்டியைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துத் தெம்பாக வைக்கும், அவ்வளவுதான். கல்லில் விழுந்தால் உங்கள் தோலோடு சேர்ந்து அதுவும் கிழியும். அதேபோல, பேட் போட்டுக்கொண்டால் முட்டி திருகாது என்றும் நினைக்க வேண்டாம். அடியையும் சிராய்ப்பையும் அது வாங்கிக்கொள்ளும். கால் ஒரு பக்கமும் உடம்பு ஒரு பக்கமும் போய் உள்ளே ஜவ்வு கிழிந்தால் அதற்கு அந்தப் பேட் பொறுப்பில்லை.

எனக்குக் கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை. அதனால் இந்த முறை லேபிளிலிருந்து ஆரம்பித்தேன். மோட்டார் பைக் ஓட்டுகிறவர்களின் கை கால் கவசத்துக்கு ஐரோப்பாவில் ஈஎன் 1621-1 என்று ஒரு தரம் இருக்கிறது. நல்ல சைக்கிள் முட்டிக் கவசம் செய்கிறவர்களும் அதைத்தான் அச்சடிக்கிறார்கள். சோதனை எளிமையானது. 5 கிலோ எடையை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து கவசத்தின் மேல் போடுவார்கள், 50 ஜூல். கவசத்தைத் தாண்டி அடியில் எவ்வளவு விசை வருகிறது என்று அளப்பார்கள். சராசரி 35 கிலோநியூட்டனுக்குள் இருந்தால் லெவல் 1. 20-க்குள் இருந்தால் லெவல் 2. என் 650 ரூபாய் ஓட்டில் ஓர் எண்ணும் இல்லை. ‘ஹை குவாலிட்டி’ என்று மட்டும் இருந்தது.

இப்போது வருகிற பேட்களில் பல ஓடு இல்லாதவை. கையில் பிடித்தால் களிமண் மாதிரி மெத்தென்று இருக்கும், ஓங்கிக் குத்தினால் இறுகிவிடும். கார்ன்ஃப்ளவர் மாவைத் தண்ணியில் கெட்டியாகக் கரைத்து விரலை மெதுவாக விட்டால் உள்ளே போகும், வேகமாகக் குத்தினால் போகாது, அதே சங்கதி. ரிச்சர்ட் பால்மர் என்கிற பிரிட்டிஷ்காரர் 1999-இல் தொடங்கிய டி-த்ரீ-ஓ கம்பெனி இந்த மாதிரிப் பொருளுக்குப் பேர் போனது. அவர் பனிச்சறுக்குப் பைத்தியம். விழுந்து விழுந்து வெறுத்துப்போனவர்கள்தான் இதையெல்லாம் கண்டுபிடிப்பார்கள் போலிருக்கிறது. இந்த விளையாட்டின் தொடக்கத்தில் இதெல்லாம் ஏது? 1976-இல் கலிஃபோர்னியாவின் மரின் கவுண்டியில் பழைய தடி டயர் சைக்கிள்களை மலையிலிருந்து உருட்டிவிட்டுப் பந்தயம் வைத்தவர்கள் ஜீன்ஸும் வேலைக்குப் போடும் பூட்ஸும் போட்டுக்கொண்டுதான் இறங்கினார்கள். கீழே வருவதற்குள் பின்சக்கர பிரேக்கின் கிரீஸ் வெந்து புகைந்துவிடும், மறுபடி கிரீஸ் வைத்து அடைக்கணும். அதனாலேயே பந்தயத்துக்கு ரீபேக் என்று பேர் வந்தது. பிரேக்குக்கே அந்த கதி, முட்டியை யார் நினைத்தார்கள்!

ஆனால் லேபிள் ஒரு விஷயத்தைச் சொல்லாது. சோதனைக்கூடத்தில் பேட் நகராமல் இருக்கிறது. 5 கிலோ எடைதான் அதைத் தேடி வருகிறது. என் விஷயத்தில் லெவல் 2 கவசமே இருந்திருந்தாலும் பையில்தான் இருந்திருக்கும். லெவல் 1 போட்டு அது கால்மேலேயே இருந்தால் போதும் என்று முடிவெடுத்தேன். லெவல் 2 தடியாக இருக்கும், சூடு. மே மாதக் காஞ்சிபுரத்தில் அதைப் போட்டுக்கொண்டு மிதிக்க எனக்குப் பொறுமை இல்லை என்று எனக்கே தெரியும். செங்குத்துப் பாறையில் வேகமாக இறங்குகிறவர்களுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது, அவர்கள் தடியானதைத்தான் வாங்கணும்.

அளவுதான் பெரிய தலைவலி. முட்டிக்கு 10 செண்டிமீட்டர் மேலே தொடையையும், 10 செண்டிமீட்டர் கீழே கெண்டைக்காலையும் அளக்கச் சொல்கிறார்கள். அம்மாவின் டேப்பால் அளந்தால் தொடை எம் சைஸில் விழுகிறது, கெண்டைக்கால் எஸ்ஸில். இரண்டையும் வரவழைத்து ஒன்றைத் திருப்பி அனுப்பினேன். வீட்டுக்குள்ளேயே சோதனை. குத்துக்கால் போட்டு உட்கார்ந்து ஒரு தேங்காய் துருவினேன். எஸ் தொடையில் பள்ளம் போட்டது. எம் போட்டுத் துருவி முடித்து எழுந்தபோது முட்டிக் கிண்ணம் பேட் நடுவிலேயே இருந்தது. மேல்விளிம்பில் உள்பக்கம் சிலிக்கான் பட்டை, அது தோலைப் பிடித்துக்கொள்கிறது. பின்னால் முழுக்க வலைத்துணி. நிற்கும்போதே லேசாக மடங்கின மாதிரி தைத்திருக்கிறார்கள். காரணம், மிதிக்கிற கால் முழுசாக நீளுவதே இல்லை.

அப்புறம் ஒரு காரியம் செய்தேன். பெருமாள் மன்னிக்கட்டும். சனிக்கிழமை சாயங்காலம் சுடிதாருக்குள் பேட் இரண்டையும் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போய் அத்திகிரியின் 24 படியும் ஏறினேன். முன்னால் ஒரு பாட்டி ஒவ்வொரு படிக்கும் முட்டியைக் கையால் அழுத்தி அழுத்தி ஏறிக்கொண்டிருந்தார். நான் பின்னாலேயே நின்று நின்று ஏறினேன். தரிசனம் முடிந்து, தங்கப் பல்லியைத் தொட்டுவிட்டு, வெளியே வந்து செருப்பு மாட்டக் குனிந்தபோதுதான் பேட் ஞாபகமே வந்தது. அதோடு அட்டையைக் கிழித்துப் போட்டேன். இனி திருப்பி அனுப்ப முடியாது.

விலை 4,800. அப்பாவுக்கு ஒரு கோர்வைப் புடவைக்குக் கிடைக்கிற கூலியில் ஏறக்குறைய பாதி. இரண்டு வாரம் அவரும் அம்மாவும் சேர்ந்து உட்கார்ந்து நெய்கிற கூலி. அவரிடம் 1,200 என்று சொன்னேன். என் சம்பளம்தான், நான் யாருக்கும் கணக்குக் காட்ட வேண்டியதில்லை. இருந்தும் வாயில் 1,200 என்றுதான் வந்தது.

அப்பா பேட்டை வாங்கிப் பார்த்தார். உள்ளே இருக்கிற மெத்தையை அவர் தொடவே இல்லை. பின்பக்கத்து வலைத்துணியை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து உருட்டினார். இழுத்துவிட்டார். தையலைத் திருப்பிப் பார்த்தார்.

“இது ஆயிரத்து இருநூறுக்கு வராது பாப்பா.”

நான் பேசவில்லை.

“நல்ல துணி” என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

“நீ போட்டுப் பாரேன்ப்பா. உனக்கும் ஒண்ணு வாங்கலாம்.”

என் கூச்சத்துக்காகத்தான் கேட்டேன் என்று அவருக்கும் தெரிந்திருக்கும். ஆனாலும் வேட்டியை மடித்துக்கட்டி மாட்டிக்கொண்டார். குழியில் இறங்கி உட்கார்ந்தார். பத்து நிமிஷம் மிதித்தார். கழற்றிவிட்டார். “எனக்கு எதுக்கு? குழியில இருந்து ஏறும்போது முட்டி எங்க படும்னு எனக்குத் தெரியும், அங்க கோணி இருக்கு. நீ எங்க விழுவேன்னு உனக்குத் தெரியாது. உனக்குத்தான் கால்லயே இருக்கணும்.”

நாலு நாள் தேடி, தரச்சான்று படித்து, படி ஏறி இறங்கி நான் கண்டுபிடித்ததை அவர் பலகையில் உட்கார்ந்தபடியே சொல்லிவிட்டு அடுத்த நாடாவை விட்டார். எனக்குக் கொஞ்சம் எரிச்சல்கூட வந்தது.

மார்கழியில் நாங்கள் நாலு பேர் ஜவ்வாது மலைக்குப் போனோம். ஆரணி, போளூர் வழியாக ஜமுனாமரத்தூர். ஒரு வேனில் சைக்கிள்களைக் கட்டிக்கொண்டு போய் மேலே இறக்கினோம். நிஜமான மலை, நிஜமான இறக்கம். கிராமத்துக்குக் கிராமம் போகிற மண்பாதையில் ஒரு வேர் குறுக்கே கிடந்தது, நான் அதைப் பார்க்கவில்லை. அதே வலது முட்டி, இந்தத் தடவை ஒரு பாறை முனையில். சத்தம் கேட்டது. எழுந்து உட்கார்ந்து பார்த்தால் பேட்டின் துணி ஒரு விரல் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. உள்ளே தோல் சிவந்திருந்தது, அவ்வளவுதான். காலையில் மாட்டினதிலிருந்து கழற்றவே இல்லை. கழற்ற வேண்டும் என்று தோன்றவும் இல்லை. முழங்கையில்தான் நல்ல அடி. அதற்கும் ஒரு பேட் இருக்கிறது, இன்னும் வாங்கவில்லை.

வீட்டுக்கு வந்து பேட்டைத் துவைத்தேன். மெத்தையை உருவி எடுத்துவிட்டு, துணியை மட்டும் பச்சைத்தண்ணியில் அலசி நிழலில் போட வேண்டும். வெயிலில் காய்ந்தால் எலாஸ்டிக் போய்விடும். இரண்டு ரைடு துவைக்காமல் விட்டால் வருகிற நாற்றத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. கொடியில் போட்டதை அப்பா கழற்றிக்கொண்டுபோய்க் கிழிசலைத் தைத்துக் கொடுத்தார். பட்டு இழையால், அரக்கு நிறத்தில். கறுப்புப் பேட்டில் பளிச்சென்று தெரிகிறது.

பழைய 650 ரூபாய் பேட்டைத் தூக்கிப் போடலாம் என்று தேடினேன். பிளாஸ்டிக் ஓடு இரண்டு மட்டும் பின்கட்டில் கிடந்தது, ஒன்றில் அம்மா துணிக்கிளிப் போட்டு வைத்திருக்கிறார். ஸ்பாஞ்சைக் காணோம். அன்றைக்குச் சாயங்காலம் அப்பாவுக்கு டீ கொண்டுபோனேன். அவர் கையை ஊன்றி, முட்டியைத் தூக்கிக் குழி விளிம்பில் வைத்து ஏறினார். கோணி வழக்கத்தைவிடக் கொஞ்சம் உப்பலாக இருந்தது.