வழுக்காத கம்பம்

"அப்பா, கை நிக்கவே மாட்டேங்குது." தேஹு ரோட்டில் ஜூலை மழை. எங்கள் கூடத்தில் தரைக்கும் தளத்துக்கும் நடுவே இறுக்கிய குரோமியக் கம்பம். 'போல் டான்ஸ்' பழக மகள் தன் சம்பளத்தில் வாங்கியது. (விருந்தாளிகளிடம் என் மனைவி அதை உடற்பயிற்சிக் கம்பம் என்றே சொல்வாள்.) முதல் நாள் நழுவி விழுந்ததில் மகளுக்கு மணிக்கட்டு வீக்கம்.

மல்லகம்பம் சொல்லித்தரும் ஒரு பெரியவரிடம் போனோம். இரண்டாம் பாஜிராவ் காலத்தில் பாலம்பட்ட தாதா தேவ்தர் புத்துயிர் கொடுத்த கலை அது. நம் விழுப்புரத்துக்காரர்களுக்கு மல்லர் கம்பம். அவர் தேக்குக் கம்பத்தில் விளக்கெண்ணெய் தடவியதும் மகள் திகைத்தாள்.

"மரம் தோலை உரிக்கும், அதனால் எண்ணெய். உலோகம் வியர்வை பட்டாலே வழுக்கும். உன் கம்பத்தில் எண்ணெய் ஆகாது" என்றார்.

அதற்குப் பிறகுதான் 45 மில்லிமீட்டர் பித்தளைக் கம்பம் வந்தது. வியர்க்கும் கைக்குக் குரோமியத்தைவிடப் பித்தளை நன்றாகப் பிடிகொடுக்கிறது. கைக்கு மக்னீசியம் கார்பனேட் தூள், கீழே தடித்த மெத்தை. தலைக்குத் தேய்த்த தேங்காயெண்ணெய் விரலில் ஒட்டியிருந்தாலும் ஆபத்து.

அரைக்கால் சட்டைதான் வீட்டில் பெரிய வழக்கு. துணி வழுக்கும், வெறுந்தோல்தான் பிடிக்கும் என்று மகள் வாதாடினாள். மல்லகம்பப் பிள்ளைகளின் உடையை நானும் சாட்சிக்கு இழுத்தேன். மனைவி பதில் சொல்லவில்லை. மறுநாள் காலை பழைய வேட்டித் துணியால் கம்பத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.