எந்த மணிக்கூட்டு நேரம்?

திருகோணமலை உள்துறைமுகத்தின் கரையிற் பிறந்து வளர்ந்தவர்க்குக் குறிப்பேடு என்பது புதிய பொருளன்று. துறைமுகத்துள் நுழையும் கப்பல் ஒவ்வொன்றிலும் ஒரு குறிப்பேடு இருக்கும். காற்றின் திசை, கப்பலின் வேகம், கண்ட விளக்கு, நேர்ந்த பழுது ஆகிய யாவும் நேர ஒழுங்கில் அதில் எழுதப்படும். ஆங்கிலேயர் அதனை 'லொக்' என்றனர். லொக் என்றால் மரக்கட்டை. முற்காலக் கடலோடிகள் முடிச்சிட்ட கயிற்றில் ஒரு கட்டையைக் கட்டிக் கடலில் எறிந்து, குறித்த நேரத்துள் எத்தனை முடிச்சுகள் கைநழுவிச் சென்றன என எண்ணிக் கப்பலின் வேகத்தைக் கணித்தனர். அக்கணக்கை எழுதிய ஏடும் கட்டையின் பெயரையே பெற்றது. பின்னர் அப்பெயர் கணினிக்குள்ளும் குடியேறிற்று. தரவுத்தளச் சேவையகம் ஒன்று, தான் செய்வதையும் தனக்கு நேர்வதையும் வரி வரியாக எழுதிவைக்கும் கோப்பினையும் லொக் என்றே அழைக்கின்றோம். அவ்வேட்டை வாசிக்கத் தெரியாமையால் நான் செய்த ஒரு பிழையையும், செய்யாமல் தப்பிய மற்றொரு பிழையையும் பற்றியே இங்கு எழுத விழைகின்றேன்.

2016 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், நகரில் இயங்கிய நிவாரண அலுவலகம் ஒன்றின் கணினிகளைப் பராமரிக்கும் பணி என்னிடம் இருந்தது. 2006 இல் போரினால் இடம்பெயர்ந்து, கிளிவெட்டி, பட்டித்திடல் முதலான இடங்களின் முகாம்களில் ஏறத்தாழப் பத்தாண்டுகள் வாழ்ந்த சம்பூர் மக்கள், படிப்படியாகத் தம் நிலத்துக்கு மீண்டுகொண்டிருந்த காலம் அது. எவரிடம் காணி உறுதி இருந்தது, எவருடையது தொலைந்தது, எவ்வீட்டில் எவர் இறந்தார், எவர் காணாமற்போனார் என்னும் விபரங்கள் யாவும் எங்கள் தரவுத்தளத்தில் இருந்தன. அவை அழியுமாயின் மீளவும் வீடுவீடாகச் சென்று கேட்டல் வேண்டும். ஒரு தாயிடம், 'உங்கள் மகனை இறுதியாகக் கண்டது எப்போது?' என்று ஒருமுறை கேட்பதே கொடிது. எழுதிய ஏட்டைத் தொலைத்துவிட்டோம் என்று கூறி இரண்டாம் முறை கேட்பதற்கு எவர்க்குத்தான் நா எழும்?

அவ்வாண்டு மார்ச் 13, ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில், இலங்கை முழுவதும் மின்சாரம் தடைப்பட்டது. இரவாகிய பின்னரே மீண்டது. திங்களும் செவ்வாயும் அலுவலகம் வழமைபோல நடந்தது. புதன் காலை சேவையகம் இயங்க மறுத்தது. 'ஞாயிற்றுக்கிழமை மின்தடையின் விளைவு' என்று முதலிற் கூறினர். நான் குறிப்பேட்டைத் திறந்து, மிகக் கடுமையான சொல் எங்கே முதலில் வருகின்றது என்று தேடினேன். 'பானிக்' என்னும் சொல் 15 ஆம் திகதி இரவு 9.42 மணிக்குப் பதியப்பட்டிருந்தது. வரவுப் புத்தகத்தைப் பார்த்தோம். அவ்விரவு பத்து மணிவரை அலுவலகத்தில் இருந்தவன் ஒருவனே. சம்பூரிற் பிறந்து, முகாமில் வளர்ந்து, எங்களிடம் தரவு பதியும் வேலைக்கு வந்திருந்த இருபத்தொரு வயது இளைஞன் அவன்.

எவரும் அவனைக் குற்றவாளி என்று கூறவில்லை. ஆயினும் அறையிலிருந்தோர் பார்வைகள் யாவும் அவன்மீதே சென்றன. 'இரவு என்ன செய்தாய்?' என்று அவனைக் கேட்டவன் நானே.

'நான் ஒண்டையும் அழிக்கேல்ல அண்ணா' என்றான். அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. இதுவே நான் செய்த பிழை.

செய்யாமல் தப்பிய பிழை அதே நாள் மாலையில் நேரவிருந்தது. சேமிப்புத் தட்டில் ஓரணுவும் இடமில்லை என்பதைக் கண்டேன். 'எக்ஸ்லொக்' என்னும் பெயரிலமைந்த உறையில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கோப்புகள் குவிந்திருந்தன. ஒவ்வொன்றும் 16 மெகாபைட் அளவினது. பெயரிலே லொக் என்று உள்ளது, ஆகவே பழைய குறிப்புகள், ஆகவே குப்பை என்று எண்ணினேன். அழிக்கும் கட்டளையை எழுதியும் விட்டேன். எனினும் இறுதி விசையை அழுத்தக் கை எழவில்லை. என் தந்தையார் துறைமுகத்தில் கப்பல் வரவுப் பதிவேடு எழுதி ஓய்வு பெற்றவர். எழுதியது பிழையானால் அழிக்கக்கூடாது, ஒரு கோடு கீறி அருகே கையொப்பம் இடவேண்டும் என்று சிறு வயதில் என் பள்ளிக் கொப்பிகளைப் பார்த்தும் கூறுவார். அப்பழக்கமே அன்று என் கையைத் தடுத்தது என்று எண்ணுகின்றேன். கட்டளையை அப்படியே விட்டு உவர்மலையில் உள்ள வீட்டுக்குச் சென்றேன்.

அப்பாவிடம் நடந்ததைக் கூறினேன். அவருக்குக் கணினி தெரியாது. ஆறிய தேநீரைக் குடித்து முடித்தபின் ஒரு கேள்வி மட்டும் கேட்டார்.

'அந்த ஒன்பது நாற்பத்திரண்டு எந்த மணிக்கூட்டு நேரம், தம்பி?'

நான் விழித்தேன். அவர் விளக்கினார். வெளிநாட்டுக் கப்பலின் ஏட்டில் கிரீனிச் நேரம் இருக்கும். துறைமுகத்தின் ஏட்டில் உள்ளூர் நேரம் இருக்கும். இரண்டையும் ஒன்றென எண்ணினால் வந்த கப்பல் வருமுன்னரே புறப்பட்டதாகிவிடும். மேலும், இலங்கை 1996 இல் தன் நேரத்தை முதலில் ஒரு மணியும், சில மாதங்களின் பின் அரைமணி குறைத்தும் மாற்றியது. 2006 ஏப்ரலிலேதான் பழைய நேரத்துக்குத் திரும்பிற்று. அவ்விடைக்காலத்தில் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகளிற் பழைய நேரமே வழங்கியது. ஆகவே ஒரே மாவட்டத்தில், குடாவின் இக்கரையில் ஒரு நேரமும், அக்கரையிற் சம்பூர்ப் பக்கத்தில் அரைமணி பிந்திய நேரமுமாக இருந்தன. 'நேரம் எழுதினவனைக் கேள், முதலில் எந்த மணிக்கூட்டைப் பார்த்து எழுதினாய் எண்டு' என்றார்.

மறுநாள் விடியுமுன் அலுவலகம் சென்றேன். இம்முறை கடுமையான சொல்லைத் தேடவில்லை. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வரி வரியாக வாசித்தேன். மின்தடைக்குப் பின்னர் சேவையகம் எழுதிய முதல் வரி, தான் இறுதியாக இயங்கியதாக அறிந்த நேரம் 13 ஆம் திகதி 8.54 என்று கூறிற்று. நாடு முழுவதும் இருண்டது பிற்பகலில் என்பதை யாவரும் அறிவர். அவ்வாறாயின் காலை 8.54 எங்ஙனம் பொருந்தும்? ஐந்தரை மணியைக் கூட்டினேன். பிற்பகல் 2.24 ஆயிற்று. ஏடு உலகப் பொதுநேரத்தில் எழுதப்பட்டிருந்தது. செவ்வாய் இரவு 9.42 என்று நான் வாசித்தது உண்மையிற் புதன் அதிகாலை 3.12 ஆகும். அவ்வேளை அலுவலகத்தில் எவருமில்லை. மூன்று மணிக்கு நாள்தோறும் தானே தொடங்கும் சுட்டிப் புதுப்பிப்புப் பணி மட்டுமே இயங்கிக்கொண்டிருந்தது.

அடுத்த வரிகள் மின்தடையையும் விடுவித்தன. சேவையகம் முறைப்படி நிறுத்தப்படவில்லை, மீட்பு தானே நடைபெறுகின்றது என்றும், மீட்பு முடிந்தது என்றும், இணைப்புகளை ஏற்க ஆயத்தம் என்றும் அவை முறையாகக் கூறின. ஞாயிற்றுக்கிழமையின் காயம் அவ்விரவே ஆறிவிட்டது.

இங்கு இவ்வேட்டின் மொழி பற்றிச் சிறிது கூறுதல் தகும். எங்களிடம் இருந்தது போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தளம். அதன் குறிப்பேட்டில் ஒவ்வொரு செய்திக்கும் ஒரு தரம் உண்டு. 'எரர்' என்பது ஒரு கட்டளை மட்டும் தோற்றதைக் குறிக்கும். 'பேட்டல்' என்பது ஓர் இணைப்பு முடிந்ததைக் குறிக்கும். 'பானிக்' என்பது எல்லா இணைப்புகளும் ஒருங்கே அறுந்ததைக் குறிக்கும். சொல்லின் அச்சத்தை மட்டும் கொண்டு இவற்றை அளத்தல் பிழையாகும். 'பேட்டல்' எனத் தொடங்கும் ஒரு செய்தி, தரவுத்தளம் இன்னும் எழும்பிக்கொண்டிருக்கின்றது, சற்றுப் பொறு என்பதற்கு மேல் எதனையும் கூறுவதில்லை. மாறாக, வெறும் 'லொக்' எனத் தரமிட்ட அமைதியான வரியொன்றிலே நோயின் மூலம் கிடத்தல் கூடும்.

எங்கள் நோயின் மூலமும் அத்தகைய வரியிலேதான் கிடந்தது. அது ஜனவரி மாதத்து வரி. கொழும்பில் இருந்த பிரதிச் சேவையகத்துடனான தொடர்பு, நேரம் கடந்தமையால் முடிக்கப்பட்டது என்று அது கூறிற்று. அப்பிரதியை அவ்வேளை எவரோ அகற்றிவிட்டிருந்தனர். அது மீண்டும் வரும், விட்ட இடத்திலிருந்து கேட்கும் என்னும் ஏற்பாட்டை எங்கள் சேவையகத்தில் நீக்க எவரும் நினைக்கவில்லை. ஆகவே சேவையகம் வராத ஒருவருக்காக ஒவ்வொரு மாற்றத்தையும் எடுத்துவைத்துக்கொண்டே இருந்தது. இரண்டு மாதங்களில் தட்டு நிறைந்தது.

நான் குப்பையென அழிக்கவிருந்த கோப்புகள் அவையே. அவை செய்திக் குறிப்பேடு அல்ல. எம்மாற்றத்தையும் முதலில் ஏட்டில் எழுது, பின்னரே பேரேட்டைத் தொடு என்னும் நெறியின்படி எழுதப்படும் முன்னெழுத்து ஏடு அது. அதனை அழித்திருப்பின் தரவுத்தளம் எழும்பியிராது. இந்நெறியை விரிவாக வகுத்து 1992 இல் வெளியான 'ஏரிஸ்' என்னும் புகழ்பெற்ற ஆய்வின் முதல் ஆசிரியர் தமிழ்நாட்டிற் பிறந்த சி. மோகன் ஆவார். இத்துறைக்கு அடித்தளம் இட்டவர்களுள் ஒருவரும், 1998 இல் டூரிங் பரிசு பெற்றவருமான ஜிம் கிரே, 2007 ஜனவரி 28 அன்று தனியாகப் பாய்க்கப்பலிற் சென்று கடலிற் காணாமற்போனார். எதுவும் தொலையாதிருக்க வழி வகுத்தவரின் இறுதிப் பயணத்துக்கு ஓர் ஏடும் கிடைக்கவில்லை. காணாமற்போனோரின் பெயர்களைப் பதிந்த அலுவலகத்தில் இருந்த எனக்கு இச்செய்தி எளிதிற் கடந்துபோகக் கூடியதாக இருக்கவில்லை.

மூலம் தெரிந்தபின் மருந்து எளிது. தட்டிலிருந்த வேறு கோப்புகளைப் பிறிதொரு தட்டுக்கு மாற்றி இடம் செய்தேன். சேவையகம் எழும்பிற்று. கொழும்புப் பிரதிக்கென இருந்த ஏற்பாட்டை நீக்கினேன். குவிந்திருந்த கோப்புகளைச் சேவையகம் தானே முறைப்படி அகற்றிக்கொண்டது. ஒரு பதிவும் தொலையவில்லை.

எட்டு மணிக்கு அவ்விளைஞன் வந்தான். அனைவர் முன்னிலையிலும் கேள்வி கேட்டவன் ஆதலால், அனைவர் முன்னிலையிலுமே நான் மன்னிப்புக் கேட்டேன். அவன் அதற்கு விடை கூறவில்லை. தன் மேசையில் அமர்ந்து ஒரு குடும்ப இலக்கத்தைத் தட்டினான். திரையிலே பெயர்கள் வந்ததும், 'இருக்கு' என்றான். அது அவனுடைய வீட்டின் பதிவு.

அடுத்த ஆண்டு, 2017 அக்டோபரில், போஸ்ட்கிரெஸின் பத்தாம் பதிப்பு வெளிவந்தது. அதில் 'எக்ஸ்லொக்' என்னும் உறையின் பெயரை மாற்றியிருந்தனர். லொக் என்னும் சொல்லைக் கண்டு குப்பையென அழித்தோர் பலர் இருந்தமையே அதற்குக் காரணம். அச்செய்தியை வாசித்தபோது எனக்குச் சிறிது ஆறுதலும் மிகுந்த நாணமும் ஒருங்கே உண்டாயின.

இன்று மாணவர்க்கு இத்துறையைக் கற்பிக்கும்போது, இறுதி வரியிலிருந்து தொடங்காதீர், எதனையும் அழிக்காதீர், வாசித்து முடியுமுன் எவரையும் கேள்வி கேளாதீர் என்கின்றேன். அவற்றுக்கெல்லாம் முன்பாகக் கரும்பலகையில் நான் எழுதுவது அப்பாவின் கேள்வியையே. அதன் காரணத்தை எவரேனும் கேட்டால் இக்கதையைக் கூறுவேன். கேளாதவர்க்கும் தெரியட்டும் என்று இங்கு எழுதினேன்.