கப்பல் ஏறிய ஊரும் கோல் அடித்த ஊரும்

காரைக்கால்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? மாங்கனித் திருவிழா. திருநள்ளாறு சனீஸ்வரர். இந்த வாரம் அதையெல்லாம் கொஞ்சம் ஓரமா வெச்சுட்டு என்கூட பீச்சுக்கு வாங்க. ஒரு ஃபுட்பால் கிளப்போட கதை சொல்லணும். அந்த கிளப் இருப்பது இங்கே இல்லை, இந்தியப் பெருங்கடலுக்கு அந்தப் பக்கம். ஆனா கதையை இங்கே நின்னு கேட்டாதான் புரியும்!

டவுனிலிருந்து அரசலாற்றங்கரையைப் பிடிச்சுக்கிட்டே போனால் ஆறு கடலில் கலக்கும் இடம் வரும். லைட்ஹவுஸ், மணல், வரிசையா ஃபைபர் படகுகள், சுண்டல் வாசனை. சாயங்காலமானால் பசங்க பந்தோடு வந்துடுவாங்க. ரெண்டு செருப்பை நட்டு வெச்சா கோல் போஸ்ட் ரெடி. பந்து அலைக்குள்ள போனால் த்ரோ இன்!

இதே கரைதான் ஒரு காலத்தில் ஆட்களை ஏற்றி அனுப்பிய துறை. 2009-ல் வாஞ்சூர் பக்கம் தொடங்கிய பெரிய துறைமுகத்தைச் சொல்லவில்லை. அதற்கு நூற்றைம்பது வருஷம் முந்தைய கதை இது. 1739-ல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போன காரைக்கால், 1954 நவம்பர் 1-ம் தேதிதான் இந்தியாவோடு சேர்ந்தது. இடைப்பட்ட காலத்தில் இங்கிருந்து அரிசி மட்டும் போகவில்லை, மனிதர்களும் போனார்கள்.

மொரீஷியஸுக்குப் பக்கத்தில் ரீயூனியன் என்று ஒரு பிரெஞ்சுத் தீவு. 1848 டிசம்பர் 20-ல் அங்கே அடிமை முறை ஒழிந்தது. கரும்புத் தோட்ட முதலாளிகளுக்கு உடனே வேறு கைகள் தேவைப்பட்டன. 'அஞ்சு வருஷ ஒப்பந்தம், அப்புறம் ஊர் திரும்பலாம்' என்று பேசி, பாண்டிச்சேரி, காரைக்கால் துறைகளில் நம் ஆட்களைக் கப்பலேற்றினார்கள். அங்கே போனதும் ஒவ்வொருவருக்கும் பதிவேட்டில் ஓர் எண். புகார்கள் குவிந்து, 1882-ல் பிரிட்டிஷ் இந்திய அரசு ரீயூனியனுக்கு ஆள் அனுப்புவதையே தடை செய்தது. அதற்குள் போனவர்களில் ஏராளமானோர் திரும்பவே இல்லை. அவர்களின் வாரிசுகளுக்கு அந்தத் தீவில் இன்றைக்கும் 'மலபார்' என்றுதான் பெயர். முக்கால்வாசிப் பேருக்குப் பூர்வீகம் தமிழ் மண். மொழி போயிடுச்சு, தீமிதி மட்டும் போகவில்லை!

இப்போ கிளப்புக்கு வருவோம்.

ரீயூனியனின் தெற்குக் கரையில் சேன்-பியேர் என்று ஓர் ஊர். அங்கே நரசிங்கப் பெருமாளுக்குக் கோயில் இருக்கு. மிஷெல் வோல்னே என்ற பெயரில் ஒரு ஸ்டேடியமும் இருக்கு. அந்த மைதானம்தான் 1950-ல் பிறந்த ஜே.எஸ். சேன்-பியேருவாஸ் கிளப்பின் வீடு. பெயருக்கு அர்த்தம், 'சேன்-பியேர் இளைஞர் விளையாட்டுக் கழகம்'. நம்ம ஊரில் தெருமுனை போர்டில் பார்க்கும் அதே பெயர்தான், பிரெஞ்சில்! இது தமிழர் கிளப் இல்லை. ஆப்பிரிக்கா, ஐரோப்பா, சீனா, இந்தியா என்று எல்லாத் திசையிலிருந்தும் வந்து கலந்த தீவு அது. அணியும் அப்படித்தான்.

தீவுக்குள் பலமுறை சாம்பியன். ஆனாலும் அமெச்சூர் கிளப். இதோட சரித்திரத்தைப் புரட்டினால் தூக்கிவாரிப் போடும். 1989-90-ல் இங்கே வந்து ஆடியவர் யார் தெரியுமா? கேமரூனின் ரோஜர் மில்லா! பெரிய கிளப்புகளை முடிச்சுட்டு, ஓய்வு மாதிரி இந்தத் தீவில் ஆடிக்கொண்டிருந்தார். நாட்டின் அதிபரே கேட்டுக்கொண்டதால் 1990 உலகக் கோப்பைக்குப் போனார். வயசு 38. நாலு கோல். ஒவ்வொரு கோலுக்கும் கார்னர் கொடி பக்கத்தில் ஓர் ஆட்டம். கேமரூன் காலிறுதி வரை போனது, ஆப்பிரிக்காவுக்கு அதுதான் முதல் முறை. உலகமே 'எங்கேய்யா இருந்தார் இவர்?' என்று கேட்டது. சேன்-பியேரில் இருந்தார், பாஸ்!

2016 யூரோ கோப்பையின் முதல் மேட்சில், ருமேனியாவுக்கு எதிராகக் கடைசி நிமிஷங்களில் பிரான்ஸுக்கு வெற்றி கோல் அடித்த திமித்ரி பயே இந்த ஊர்க்காரர். சின்னப் பையனாக இந்த கிளப்பில் ஆடியவர். லிவர்பூல் ரசிகரா நீங்க? அப்போ 2004 டிசம்பரில் ஒலிம்பியாகோஸ் மேட்சில் லிவர்பூலின் முதல் கோல் அடித்த ஃப்ளோரான் சினாமா பொங்கோலை மறந்திருக்க மாட்டீங்க. அவர் பிறந்ததும் சேன்-பியேரில்தான். அந்தப் பெயரை ஒருமுறை சத்தமா சொல்லிப் பாருங்க... காதுக்கு நம்ம தஞ்சாவூர்ப் பக்கம் மாதிரி இல்லை?

சரி, நட்சத்திரங்களை விடுங்க. கிளப் என்றால் கிளப்தானே ஜெயிக்கணும்? அது நடந்தது 2020-ல்.

பிரான்ஸில் 1917-ல் தொடங்கிய ஒரு கோப்பை உண்டு: 'கூப் த ஃப்ரான்ஸ்'. அதோட அழகே அதன் கதவுதான். வருஷத்துக்கு ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட கிளப்புகள் இறங்கும். நூறு வீடு இருக்கும் கிராமத்து கிளப்பும் உண்டு, பாரிஸின் கோடீஸ்வர கிளப்பும் உண்டு. சின்னவங்க முதல் சுற்றிலிருந்து ஜெயிச்சு ஜெயிச்சு மேலே வரணும். பெரியவங்க பிறகு வந்து சேருவாங்க. குலுக்கலில் யாருக்கு யார் வேணும்னாலும் வரலாம். 2000-ல் நாலாவது டிவிஷனில் இருந்த கலே என்ற துறைமுக ஊர் கிளப் ஃபைனல் வரை போய், நாண்ட் அணியிடம் 1-2 என்று கடைசி நேர பெனால்டியில்தான் தோற்றது. கடல் கடந்த பிரெஞ்சுப் பகுதிகளுக்கும் அதே கதவு திறந்திருக்கு. தீவுக்குள் ஜெயிச்சு வருபவர்கள் ஏழாவது சுற்றில் பிரான்ஸ் அணிகளோடு மோதலாம்.

அப்படி வந்த சேன்-பியேருவாஸ், 2020 ஜனவரி 4 அன்று நியோர் நகரில் இறங்கியது. எதிரணி நியோர், அப்போது இரண்டாவது டிவிஷனில் ஆடிய தொழில்முறை அணி. ஜனவரி என்றால் ரீயூனியனில் நல்ல கோடை, பிரான்ஸில் எலும்பு நடுங்கும் குளிர். ஒன்பதாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பறந்து வந்த பசங்க. ஸ்கோர்? சேன்-பியேருவாஸ் 2, நியோர் 1!

கடைசி 32 அணிகளில் ஒன்று! கடல் கடந்த பகுதியிலிருந்து அவ்வளவு தூரம் போன இரண்டாவது கிளப் இது. முதல் கிளப் 1989-ல் பிரெஞ்சு கயானாவின் கெல்தார். அடுத்த சுற்றில் எபினால் என்ற இன்னொரு சின்ன அணியிடம் தோற்றது வேற விஷயம். அன்றைக்குப் பதிவேட்டில் வெறும் எண்ணாக இறங்கிய மக்களின் தீவு, இன்றைக்கு ஜெர்சியில் எண்ணும் பெயருமாக மைதானத்தில் இறங்குது. நினைச்சுப் பாருங்க.

இப்போ மறுபடி நம்ம மணலைப் பாருங்க. இந்தப் பசங்க கால் என்ன குறைச்சலா? இல்லவே இல்லை. இங்கே ஒரு பையன் நல்லா ஆடினால் மேலே போக வழி இருக்கு. 1941-ல் தொடங்கிய சந்தோஷ் டிராஃபியில் புதுச்சேரிக்கென்று தனி அணி உண்டு. ஆனால் போவது அந்தப் பையன் மட்டும்தான். அவனோட அணி போகாது. ஊர்ப் பெயர் போட்ட பனியனோடு பதினோரு பேரும் சேர்ந்து நாட்டின் பெரிய அணியைச் சந்திக்க, கூப் த ஃப்ரான்ஸ் மாதிரி ஒரு கதவு நம்மிடம் இல்லை. அதனால்தான் நம்ம ஊர் கிளப்புகள் ஒரு தலைமுறையோடு கலைஞ்சு போகுது. ரெண்டு பேர் வேலைக்கு வெளிநாடு போனால் போதும், டீம் காலி. அடுத்த செட் பசங்க வேற பேர்ல, வேற பனியன்ல முதலிலிருந்து தொடங்குவாங்க. சேன்-பியேரில் பசங்க மாறினாங்க, கிளப் மாறவில்லை. ஏன்னா, ஒவ்வொரு வருஷமும் அந்தப் பேரில் போய்த் தட்ட ஒரு கதவு இருந்தது.

அந்தக் கதவை டெல்லிக்காரர் வந்து திறக்கணும்னு காத்திருக்க வேண்டாம். காரைக்காலில் ஒரு நகராட்சி, கோட்டுச்சேரி, நெடுங்காடு, நிரவி, திருமலைராயன்பட்டினம், திருநள்ளாறு என்று அஞ்சு கொம்யூன் பஞ்சாயத்து. 'கொம்யூன்' என்ற வார்த்தையே பிரெஞ்சுக்காரர் விட்டுப்போனதுதான். அவங்க கோப்பையையும் கொஞ்சம் கடன் வாங்கினால் என்ன? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகெல்லாம் கரையில். மே மாசம் காலேஜும் லீவு. மீனவ கிராமம், வயல்காட்டு கிராமம், டவுன் தெரு, எது வேணும்னாலும் பேர் கொடுக்கலாம். குலுக்கல் போடுங்க. பெரிய அணி, சின்ன அணி பார்க்காதீங்க.

ஒரே ஒரு கண்டிஷன். ஒவ்வொரு அணியும் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, தொடங்கிய வருஷத்தையும் பதினோரு பேரின் பெயரையும் முதல் பக்கத்தில் எழுதணும். அடுத்த பக்கத்தை அடுத்த வருஷப் பசங்க எழுதிக்குவாங்க!