புது சிஸ்டம் வந்தாச்சு, மாமி பாட்டு எங்கே?

பத்து வருஷமாக "அடுத்த தீபாவளிக்கு" என்று தள்ளிப் போட்டுக்கொண்டு வந்த காரியம் ஒருவழியாக முடிந்தது. ஸ்டுடியோவில் ரெக்கார்டிங் சிஸ்டத்தை மாற்றியாச்சு. தங்கமணிக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை, நேரில் வந்து தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்.

புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. செம்பூரில் ஒரு பழைய கட்டடத்தின் முதல் மாடியில் நம்ம கடை. (2005 ஜூலை 26 வெள்ளத்தில் கீழ்த்தளம் முழுக்க முங்கியபோது பிழைத்தது அந்த முதல் மாடி புண்ணியத்தால்தான்.) ரெண்டே ரூம். ஒன்றில் மைக், இன்னொன்றில் நான். இந்தி விளம்பரத்துக்குத் தமிழ்க் குரல், கார்ட்டூன் டப்பிங், நவராத்திரி நெருங்கினால் மாட்டுங்கா மாமிகளின் பக்திப் பாடல்கள். வண்டி இப்படித்தான் ஓடுகிறது.

2004-ல் வாங்கியது புரோ டூல்ஸ் ஹெச்டி. அதைச் சுமக்க ஒரு ஜி5 மேக். தங்கமணியின் வளையல் நாலும் அப்போது சேட்டு கடைக்குப் போய்த் திரும்பி வர மூன்று வருஷம் ஆனது. அந்த சிஸ்டத்தின் அழகு என்னவென்றால், சத்தத்தைப் பதப்படுத்தும் வேலையைக் கம்ப்யூட்டர் செய்யாது, உள்ளே செருகிய கார்டுகள் செய்யும். பாடுகிறவர் காதில் அவர் குரல் தாமதமில்லாமல் விழும். ஆனால் அந்த ஜி5 வரிசையே 2006-ல் நின்று போனது. அந்தக் கார்டுகளை ஏற்றுக்கொண்ட கடைசிப் பதிப்பு 2011-ல் வந்த புரோ டூல்ஸ் 10. 2013-ல் வந்த 11, 64-பிட்டுக்கு மாறியபோது கார்டுகளை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். நான் எதற்கும் மாறாமல், இன்டர்நெட் கனெக்ஷனையும் பிடுங்கிவிட்டு, அப்படியே காலம் தள்ளினேன். ஓடுகிற வண்டியை எதற்கு நிறுத்துவானேன்? போன வருஷம் அதுவே நின்றது. டப்பிங் நடுவில், ஒரே நாளில் ரெண்டு தடவை. வயசாச்சு, பாவம்.

புது மேக் ஒரு டிபன் டப்பா சைஸ். பழையதில் மூச்சு வாங்கிய வேலையெல்லாம் இதற்குத் தூசு. முதல் நாளே டப்பிங் பேச வந்த பெண் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "சார், நான் பேசறது எனக்கே ரெண்டு தடவை கேக்குது" என்றாள். இப்போது எல்லா வேலையும் கம்ப்யூட்டர் தலையில் அல்லவா? பஃபர் 1024-ல் கிடந்தது. 48,000 சாம்பிள் ரேட்டில் அதற்கே 21 மில்லி செகண்ட். 64-க்கு இறக்கினால் ஒன்றரைகூட இல்லை. ரெக்கார்டிங்குக்கு 64, மிக்ஸிங்குக்கு 1024 என்று சுவரில் எழுதி ஒட்டினேன். இதோடு தலைவலி தீர்ந்தது என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் ஒரு போன். "அண்ணா, அம்மாவோட பாட்டு உங்ககிட்ட இருக்குமா?"

மாட்டுங்காவில் பாட்டு வாத்தியாரம்மாவாக இருந்த மாமி. 2006-ல் ஒன்பது பாட்டு ரெக்கார்ட் செய்தார். ஆறுதான் மிக்ஸ் ஆனது. அதற்குள் மாமிக்கு உடம்பு முடியாமல் போய், அப்புறம் அவரே இல்லை. பாக்கி மூன்றும் பாபநாசம் சிவன் பாட்டுகள். யாரும் கேட்கவில்லை, நானும் தொடவில்லை. இப்போது பையன் கேட்கிறார், முதலாண்டுக்கோ எதற்கோ இல்லை, சும்மா, அவர் பெண் பாட்டு கற்றுக்கொள்கிறாளாம். "இருக்கு தம்பி, புது மெஷின்ல போட்டு நாளைக்கே தரேன்" என்று வாயை விட்டுவிட்டேன்.

புது மெஷினில் திறந்தால் செஷன் ஃபைல் கெட்டுப் போயிருந்தது. சரி, ஆடியோ ஃபைல்கள் போதும் என்று பார்த்தால் 23 ஃபைல் இருக்கிறது, ஒன்றையும் பாட்டு என்று ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறது.

நடந்தது இதுதான். அந்தக் காலத்து மேக்கில் நாங்கள் சவுண்ட் டிசைனர் 2 என்ற வகையில் பதிவு செய்வோம். அதில் ஒரு ஃபைலுக்கு ரெண்டு பாகம். ஒன்றில் சத்தம். மற்றதில் சாம்பிள் ரேட் என்ன, எத்தனை பிட் என்ற ஜாதகம். விண்டோஸுக்கான டிஸ்க்கில் காப்பி செய்தால் ஜாதகம் தனியாகப் பிரிந்து, புள்ளியும் அடிக்கோடும் முன்னால் போட்ட குட்டி ஃபைலாக நிற்கும். நம்ம அசிஸ்டென்ட் பையன் தன் விண்டோஸ் லேப்டாப்பில் அந்தக் குட்டி ஃபைல்களைப் பார்த்து, குப்பை என்று மொத்தமாக அழித்துவிட்டான். மூல டிஸ்க்? காப்பி கொடுத்ததோடு சரி, மறுபடி சுற்றவே இல்லை.

பையனைப் பிடித்துக் கத்திவிட்டேன். தாராவியில் பிறந்து வளர்ந்தவன், பதிலுக்குப் பதில் பேசுகிறவன், அன்று தலையைக் குனிந்துகொண்டு நின்றான். ராத்திரி வீட்டில் தங்கமணி ஒரே கேள்விதான் கேட்டார். "நீங்க சொல்லிக் கொடுத்தீங்களா?" இல்லை. பதினேழு வருஷமாக ஒரே டிஸ்க்கில் வைத்திருந்தவன் நான்தானே. மறுநாள் காலையில் ரெண்டு வடா பாவ் வாங்கிக்கொண்டு போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

சத்தம் இருக்கிற பாகம் அப்படியே இருக்கிறது, ஜாதகத்தை நாமே எழுதினால் போதும். இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டியில் இதற்கு வழி உண்டு: 24 பிட், ஒற்றை சேனல், எந்த வரிசையில் பைட். முதலில் வரிசையை மாற்றிப் போட்டுத் தகர ஷெட்டில் மழை பெய்கிற மாதிரி ஒரே இரைச்சல். சரியாகப் போட்டதும் தம்புரா. அப்புறம் மாமி!

ஆனால் ஏதோ சரியில்லை. சின்னப் பெண் மாதிரி ஒரு குரல். இதில் ஒரு சூது உண்டு. சாம்பிள் ரேட்டைத் தப்பாகக் கொடுத்தால் தம்புரா, வயலின், மிருதங்கம் எல்லாமே சேர்ந்து ஏறும். பாட்டுக்குள் எதுவும் அபசுரமாகத் தெரியாது. பையன், "நல்லாத்தானே சார் இருக்கு" என்றான். சுருதிப் பெட்டியை எடுத்து வைத்துப் பார்த்தேன். ஐந்தரைக்கும் ஆறுக்கும் நடுவில் எங்கேயோ நிற்கிறது. அந்த வருஷத்து நோட்டைத் தேடி எடுத்தால் என் கையெழுத்திலேயே இருக்கிறது: "மாமி, 5 கட்டை." டப்பிங் பழக்கத்தில் நான் 48,000 கொடுத்திருக்கிறேன். அது சிடிக்காகப் பதிந்தது, 44,100. மாற்றினேன். ஐந்து கட்டையில் வந்து உட்கார்ந்தது. மாமியேதான்.

எது எந்த டேக் என்று கண்டுபிடித்தது பையன். சேர்ந்து பதிவான ஃபைல்கள் எல்லாம் பைட் கணக்கில் ஒரே அளவு இருக்கும் என்று அவனுக்குத் தோன்றியிருக்கிறது. அளவு வாரியாக அடுக்கினான், ஏழு டேக் பிரிந்தது. எனக்குத் தோன்றவில்லை, ஒப்புக்கொள்கிறேன் :-)

ஞாயிற்றுக்கிழமை மகன் பெண்ணையும் கூட்டிக்கொண்டு வந்தார். ரெண்டு பாட்டு முழுசாக இருந்தது. மூன்றாவதில் பல்லவியும் அனுபல்லவியும் முடிந்து, வயலின் தனியாகக் கொஞ்ச தூரம் போகிறது. மாமி இருமுகிறார். "சரணம் நாளைக்கு வச்சுக்கலாமா?" என்கிறார். அதோடு டேக் நிற்கிறது.

"இருமலை எடுத்துடவா?" என்று கேட்டேன்.

"வேண்டாம்ணா" என்றார். பெண் இன்னொரு தடவை போடச் சொன்னாள்.

ஜி5 இன்னும் மூலையில்தான் இருக்கிறது. பழைய சாமான் வாங்குகிறவர் ரெண்டு தடவை வந்து திரும்பிப் போனார். பதினோரு டிஸ்க் பாக்கி இருக்கிறது. ஒவ்வொன்றையும் அதிலேயே வைத்து சாதாரண வேவ் ஃபைலாக மாற்றி, ரெண்டு பிரதி எடுத்து, நோட்டில் கட்டை, ரேட், பிட் எல்லாம் எழுதிக்கொண்டிருக்கிறோம். எழுதுவது பையன், கையெழுத்து என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது.