கள்வன் அல்லன்

ஓய்வுபெற்ற ஆசிரியனுக்குச் சனிக்கிழமை மாலைகள் நீளமானவை. கிள்ளானில் என் மகள் வீட்டு முன்கூடத்தில் அன்று பெயரனும் அவன் தோழர் மூவரும் மேசையைச் சூழ்ந்து அமர்ந்திருந்தனர். மேசைமேல் தாள்கள், பென்சில்கள், 20 முகங்கள் கொண்ட பகடைகள். ஐந்தாமவன் வரவில்லை.

"தாத்தா, ஓர் ஆள் குறைகிறது. நீங்கள் எந்தக் கிளாஸ்?" என்றான் பெயரன்.

35 ஆண்டுகளை வகுப்பறையில் கழித்தவனிடம் கேட்கும் கேள்வியா இது! பிறகுதான் விளங்கிற்று. 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் கற்பனை ஆட்டத்தில் வீரன், மந்திரவாதி, பூசகன் என ஒவ்வொருவரும் ஏற்கும் தொழிலுக்கே அப்பெயராம். வராதவன் ஏற்றிருந்த தொழில் 'ரோக்'. அவன் இருளில் பதுங்குபவன்; பூட்டைத் திறப்பவன்; ஓசையின்றி நடப்பவன்.

"திருடன் என்று சொல்லேன்."

"திருடன் இல்லை, தாத்தா. ரோக்."

"இரண்டும் ஒன்றுதானே?"

"ஒன்றில்லை" என்றான் உறுதியாக. அவன் என்னை மறுத்தது எனக்குப் பிடித்திருந்தது. சான்று கேட்டேன். அவன் காட்டிய பழைய, புதிய விதிநூல்களை அந்த வாரம் முழுதும் புரட்டினேன்.

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னிசனும் 1974இல் வெளியிட்ட முதல் ஆட்டத்தில் திருடனுக்கு இடமே இல்லை. 1975இல் 'கிரேஹாக்' என்னும் இணைப்பு நூல் வழியே திருடன் நுழைந்தான். அதே ஆண்டில் 'பிளாக்மூர்' என்னும் மற்றோர் இணைப்பு நூலில் கொலைஞன் வந்தான். 1978ஆம் ஆண்டு விதிநூலில் இருவரும் உடன்பிறந்தார்போல் அடுத்தடுத்து நிற்கின்றனர். கூர்ந்து நோக்கினால்தான் வேற்றுமை புலப்படும். திருடன் பகைவனின் முதுகுப்புறம் நின்று தாக்கினால் அடி இருமடங்காகும் என்பது உண்மையே. ஆயினும் அவனுடைய பிழைப்பு பூட்டிலும் மதிலிலும் செவிக்கூர்மையிலுமே இருந்தது. தொடக்கநிலைத் திருடன் நிழலில் மறைவதற்கு நூற்றுக்குப் 10 பங்கே வாய்ப்பு. மதில் ஏறுவதற்கோ 85 பங்கு. ஒளியத் தெரியாவிட்டாலும் ஏறித் தப்பட்டும் என்று இரக்கம் காட்டியிருக்கிறார்கள் போலும்! கொலைஞன் இக்கலைகளில் திருடனுக்கு இரண்டு படி பின்தங்கியே நிற்பான். ஆனால் மாறுவேடமும் நஞ்சும் அவன் கைவந்தவை. அவன் தீயவனாகவே இருத்தல் வேண்டும் என்பதும் விதி.

1985இல் கீழைநாட்டுக் கதைகளுக்கென வந்த நூலில் நிஞ்சா தோன்றினான். இவன்பால் ஒரு புதுமை கண்டேன். நிஞ்சாவாக மட்டும் எவனும் இருத்தல் இயலாது. ஊரார் அறிய வேறொரு தொழிலும் அவனுக்கு வேண்டும். துறவிக் கோலத்தில் செல்லும் ஒற்றனைப் பற்றி வள்ளுவர் கூறுவது நினைவுக்கு வர, நூலை மூடிவிட்டுச் சிறிது நேரம் மகிழ்ந்திருந்தேன்.

1989இல் வந்த இரண்டாம் பதிப்பு கொலைஞனை நீக்கியது. 2000இல் வந்த மூன்றாம் பதிப்பு 'திருடன்' என்னும் பெயரையே மாற்றி 'ரோக்' ஆக்கியது. கலைகள் பெரும்பாலும் பழையவையே. ஆனால் அவை தெரிந்தவன் வழிகாட்டியாகவோ ஒற்றனாகவோ பொறிகளை அகற்றுபவனாகவோ இருக்கலாமே! 2014ஆம் ஆண்டு நூலில் ரோக் என்பது பொதுப்பெயர். திருடனும் கொலைஞனும் அதன் உட்பிரிவுகளுள் இரண்டு. இலக்கணம் கற்பிப்போர்க்கு நான் இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஒரு வகையின் பெயரை இனம் முழுமைக்கும் சூட்டியிருந்தனர். அதனைத் திருத்த 25 ஆண்டுகள் ஆயின.

நம் மொழியில் இத்தெளிவு முன்பே உண்டு. வள்ளுவர் கள்ளாமையை 29ஆம் அதிகாரமாகத் துறவறவியலிலும் ஒற்றாடலை 59ஆம் அதிகாரமாக அரசியலிலும் வைத்தார். தொல்காப்பியக் களவியலோ பொருளைத் திருடுவதைப் பேசவே இல்லை. காதலரின் மறைவொழுக்கத்தையே பேசுகிறது. பிறர் அறியாமல் நிகழ்வது என்பது ஒன்றே இவற்றுக்குப் பொது. இவற்றையெல்லாம் தேர்வுக்குப் படித்து, நல்ல புள்ளிகளும் பெற்றவன் நான்.

அப்படிப் படித்தவன்தான், 1979இல், ஒரு தோட்டப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு ஆசிரியனாக நின்றேன். ஒரு மாணவியின் 2 வெள்ளி காணாமற்போயிற்று. ஓய்வு வேளையில் எல்லாரும் திடலில் இருக்க, ஒரு பையன் மட்டும் பின்கதவு வழியே வகுப்பறைக்குள் நழுவுவதை நான் இரண்டொரு முறை பார்த்திருந்தேன். காலடி ஓசை கேட்காமல் நடப்பான். "திருடன் நீதானே?" என்று எல்லார் முன்னிலையிலும் கேட்டேன். அவன் மறுக்கவுமில்லை, அழவுமில்லை.

மறுநாள், அம்மாணவியின் பென்சில் பெட்டியில், அடியில் விரித்திருந்த தாளுக்குக் கீழே பணம் கிடைத்தது. பையன் ஏன் உள்ளே சென்றான் என்பதைச் சிற்றுண்டி விற்கும் அம்மாள்தான் சொன்னார். அவனிடம் சோறும் இல்லை; காசும் இல்லை. பிறர் உண்ணும்போது தான் உண்ணாதிருப்பதை எவரும் காணலாகாது என்றே ஒளிந்திருக்கிறான்.

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. ஆசிரியன் மாணவனிடம் மன்னிப்புக் கேட்பது மரபன்று என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதன்பின் ஓய்வு வேளைகளில் அவன் வகுப்பறைக்குள் வரவில்லை. மணியடிக்கும் வரை, எல்லாரும் காணும்படி, திடலின் நடுவே வெயிலில் நின்றான்.

அடுத்த சனிக்கிழமையும் ஐந்தாமவன் வரவில்லை. பெயரன் அவனுடைய தாளை என்னிடம் நீட்டி, "தொழிலைத் தமிழிலேயே எழுதுங்கள், தாத்தா" என்றான். 'கள்வன்' என்று எழுதத் தொடங்கி அழித்தேன். 'ஒற்றன்' என்றால் அனுப்பிய அரசன் ஒருவன் வேண்டும். இறுதியில் 'மறைவோன்' என்று எழுதினேன். பொருந்துமா என்பதைத் தமிழாசிரியர்கள் ஆராயட்டும்.

குகைவாயிலில் காவலர் நின்றனர். பகடையை உருட்டினேன். 17 விழுந்தது.

"நன்றாக ஒளிந்துவிட்டீர்கள். யாருக்கும் தெரியாது. இனி என்ன செய்யப் போகிறீர்கள்?"

"ஒன்றும் செய்யவில்லை. சற்று நேரம் இப்படியே இருக்கிறேன்."

பெயரன் என் முகத்தைப் பார்த்தான். பிறகு, "சரி, தாத்தா" என்று சொல்லி, அடுத்தவன் பக்கம் திரும்பினான்.