சுவருக்கும் மூச்சு வேண்டும்

ஹைதராபாத்: கோல்கொண்டா கோட்டையின் பஞ்சாரா தர்வாஜாவைத் தாண்டி வடக்கே போனால், மரங்களுக்கு மேல் பெரிய பெரிய கும்மட்டங்கள் தலைகாட்டுகின்றன. 1518 முதல் 1687 வரை ஆண்ட குதுப் ஷாஹி மன்னர்களின் கல்லறைகள். ஹைதராபாத்தை நிர்மாணித்த முகமது குலி குதுப் ஷா உறங்குவதும் இங்கேதான். பார்வையாளர்கள் அண்ணாந்து வியக்கும் இதழ்களும் கொடிகளும் பெரும்பாலும் கல்லில் செதுக்கியவை அல்ல. கல்லின்மேல் சுண்ணாம்பைக் குழைத்துச் செய்த சுதை வேலை.

மழையையும் வெயிலையும் நூற்றாண்டுக் கணக்கில் தாங்கிய இந்தக் காரைக்குச் சோதனையாக வந்தது, பழுது பார்க்கிறோம் என்று 20ஆம் நூற்றாண்டில் பூசிய சிமெண்ட். 2013இல் ஆகா கான் கலாசார அறக்கட்டளை மாநிலத் தொல்லியல் துறையுடன் சேர்ந்து சீரமைப்பைத் தொடங்கியபோது, சிமெண்டைக் கொத்தி எடுப்பதே பெரிய வேலையாக இருந்தது.

காரணம் எளிது. கல்லும் மண்ணும் சுண்ணாம்பும் சேர்ந்த சுவர் மழையில் ஈரத்தைக் குடிக்கும், வெயிலில் வெளியேற்றும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடுகிறது. உள்ளே சிக்கிய ஈரம் உப்பைக் கிளப்ப, பூச்சு பொருமிப் பிளக்கிறது.

சுண்ணாம்பு அவசரத்துக்கு வசப்படாது. சுண்ணாம்புக் கல்லைச் சுமார் 900 டிகிரி சூட்டில் சுட்டால் கரியமில வாயு வெளியேறுகிறது. மிஞ்சும் கட்டியில் தண்ணீர் விட்டால் கொதித்து நீறுகிறது. அதைத் தொட்டியில் நீருக்கடியில் வாரக்கணக்கில் ஊறப்போட வேண்டும். பிறகு மணல் சேர்த்து அரைக்க வேண்டும். வெல்லம், வில்வப்பழச் சாறு, உளுந்து என்று தக்காணத்துக் கொத்தனார்கள் சேர்க்கும் சரக்குகளைக் கேட்டால் செட்டிநாட்டுக்காரர்கள் ஆச்சரியப்பட மாட்டார்கள். அங்கே கடுக்காயும் முட்டை வெள்ளைக் கருவும் இதே வேலையைச் செய்திருக்கின்றன. பூசிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல இழுத்து மீண்டும் கல்லாகிறது.

வெள்ளையடிப்பும் இதே ரசாயனம்தான். ஊறிய சுண்ணாம்பைக் கரைத்து, துணியில் வடிகட்டி, பால் பதத்துக்கு நீர்க்கச் செய்ய வேண்டும். ஒட்டுவதற்குக் கொஞ்சம் கோந்து அல்லது கஞ்சி. நிறம் வேண்டுமானால் செங்காவி. சுவரில் முதலில் தண்ணீர் தெளிக்க வேண்டும். காய்ந்த சுவர் ஈரத்தை உறிஞ்சிவிட்டால் சுண்ணாம்பு இறுகாமல் கையில் தூளாக ஒட்டும். பூசும்போது கண்ணாடி போலத் தெரியும். காயக் காயத்தான் வெளுக்கும். அதைப் பார்த்துப் பயந்து கெட்டியாக அடித்தால் வெடித்து உதிரும். மெல்லிய பூச்சாக மூன்று நான்கு தடவை, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு. உச்சி வெயில் ஆகாது. கண்ணில் தெறித்தால் ஆபத்து. பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்த சுவரில் இது பிடிக்காது.

பழைய நகரத்தில் 1591இல் கட்டிய சார்மினாரும் சுண்ணாம்பை நம்பி நிற்பதுதான். 2019 மே மாதம் அதன் ஒரு மினாரிலிருந்து சுதைப் பகுதி பெயர்ந்து விழுந்தது. இந்தியத் தொல்லியல் துறை அதையும் சுண்ணாம்பைக் கொண்டே சரிசெய்ய வேண்டியிருந்தது.

கல்லறை வளாகத்தில் 2013 மழையில் இடிந்த படிக்கிணறு மீண்டும் எழுந்தது. கோல்கொண்டா படிக்கிணறுகளின் சீரமைப்புக்கு 2022இல் யுனெஸ்கோ விருதும் கிடைத்தது. ஆனால் சுண்ணாம்பு ஒருமுறை பூசிவிட்டு மறந்துவிடக்கூடிய சரக்கல்ல. சில ஆண்டுகளுக்கொரு முறை மேல்பூச்சு கேட்கும். அப்போது பதம் தெரிந்த கை இருக்க வேண்டும். சிமெண்ட் மூட்டையைப் பிரித்து உடனே குழைத்துப் பழகிய தலைமுறையில், வாரக்கணக்கில் ஊறப்போடும் பொறுமை தினக்கூலிக்குக் கட்டுப்படியாவதில்லை. சீரமைப்புக்காகப் பயிற்சி பெற்ற கைகளுக்குத் தொடர்ந்து வேலை கிடைத்தால்தான் அடுத்த பூச்சுக்கு ஆள் இருக்கும். இல்லாவிட்டால் சிமெண்ட் மூட்டை மறுபடி வாசலுக்கு வந்துவிடும்.